கருமாதிக் கல்

பள்ளிபாளையத்தில் வெறும் கஸ்பார் என்று கேட்டால் யோசிப்பார்கள். கல்லு கஸ்பார் என்றால் சின்னப் பிள்ளை கூட வீட்டைக் காட்டும். காகித ஆலையில் பாய்லர் பிரிவில் ஃபிட்டர் வேலை. ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடிந்ததும் ஊரில் ஆம்பளைகள் கறிக்கடைக்குப் போவார்கள். இவர் டிவிஎஸ் ஐம்பதை உதைத்துக்கொண்டு கல் பொறுக்கப் போவார். கறிக்கடைக்கு அவர் மனைவி லிடியாதான் போக வேண்டும். அந்தக் கோபம் கல்யாணமான புதிதில் தொடங்கியது, இன்னும் ஆறவில்லை.

யாராவது ஒரு கல்லைக் கொண்டுவந்து நீட்டினால் முதலில் அதை நனைப்பார். தண்ணீர் பக்கத்தில் இல்லையென்றால் நாக்கு இருக்கவே இருக்கிறது. காய்ந்த கல் எல்லாம் ஒரே அழுக்கு நிறம்தான், நனைந்தால்தான் குட்டு வெளிப்படும். அடுத்து ஹாக்சா பிளேடால் ஒரு கீறு. கல்லில் கோடு விழுந்தால் அது சுண்ணாம்புச் சாதி. கல்லில் கீறல் விழாமல் பிளேடின் இரும்பு அதன் மேல் ஒட்டிக்கொண்டால் நல்ல சாதி. அப்புறம் வெயிலுக்கு நேரே பிடித்து, ஓரத்தில் வெளிச்சம் ஊறுகிறதா என்று பார்ப்பார். ஊறினால், உள்ளே வரியும் ஓடினால், "அகேட்டுங்க, வரிக்கல்லு" என்று சொல்லிச் சிரிப்பார். கொண்டுவந்தவர் மாணிக்கம் என்ற நினைப்பில் பஸ் ஏறி வந்திருப்பார். அவருக்குச் சிரிப்பு வராது.

இந்தப் பைத்தியத்தில் கஸ்பாருக்கு ஒரு கூட்டாளி இருந்தார். பூபதி. அதே பாய்லர், அதே ஷிஃப்ட், கஸ்பாரை விட நாலைந்து வயது இளையவர். பிள்ளைகள் இல்லை, வீட்டில் அவரும் மனைவி ரஞ்சிதாவும்தான். சேலத்து வெள்ளைக்கல் மலையடிவாரத்திலும், கிணறு வெட்டிக் கொட்டிய மண்மேடுகளிலும், தண்ணீர் வற்றிய காவிரிப் படுகையிலும் இரண்டு பேரும் குனிந்த தலை நிமிராமல் நடப்பார்கள். எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறார்கள் என்று நினைத்து ஆடு மேய்க்கிறவர்கள் கூடச் சேர்ந்து தேடியதும் உண்டு.

பொறுக்குகிறவரை ஒற்றுமை, பொறுக்கிய பிறகு சண்டை. கஸ்பாருக்குக் கல்லைக் கண்டால் வெட்டிப் பார்த்தாக வேண்டும். வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு, டைல்ஸ் வெட்டும் மோட்டாரில் வைரத்தூள் பதித்த பிளேடை மாட்டி, அவரே ஒரு மெஷின் செய்து வைத்திருந்தார். வெட்டிய முகத்தை எமரித்தாளில் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்குவார். பூபதியோ கல்லை முழுசாக வைத்துத் தடவிக்கொண்டிருப்பார். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல் எப்படி ஐயா தூங்குகிறீர் என்று கஸ்பார் கேட்டால், தெரிந்தால்தான் தூக்கம் கெடும் என்பார் பூபதி.

அப்படி முழுசாகவே கிடந்த கல் ஒன்று. ரஞ்சிதாவின் ஊரான ஜலகண்டாபுரத்தில், ஒரு கிணற்று மண்மேட்டில் பூபதி எடுத்தது. உரித்த தேங்காய் அளவு, சொரசொரத்த தவிட்டு நிறத் தோல். ஒரே ஒரு இடத்தில் மட்டும் சில்லுப் பெயர்ந்து, நகத்தளவு வழவழப்பு தெரிந்தது. அந்த நகத்தளவில் சாம்பலும் நீலமுமாக மயிரிழை வரிகள் நெருக்கியடித்து ஓடின. கஸ்பார் அதைப் பார்த்த அன்றே, இதை நான் வெட்டித் தருகிறேன் என்றார். பூபதி தரவில்லை. ஒவ்வொரு வருடமும் கேட்டார், ஒவ்வொரு வருடமும் ஒரே பதில்.

"இருக்கட்டும் கஸ்பாரு. அதுக்குன்னு ஒரு நாளு வரும்."

போன வருடம் ஆடி மாதத்தில் பூபதி ஷிஃப்ட் முடிந்து சைக்கிள் ஸ்டாண்டில் பூட்டைத் திறக்கக் குனிந்தவர், நிமிரவில்லை. மாரடைப்பு என்றார்கள். கஸ்பார்தான் தூக்கிக்கொண்டு ஓடினார். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டும் முன்பே முடிந்துவிட்டது. அன்று அவர் அழுத அழுகையை ஆலையில் எல்லோரும் பார்த்தார்கள். அதில் பொய் இல்லை.

பொய் பதினாறாம் நாள் வந்து சேர்ந்தது. கருமாதிக்கு ஆற்றங்கரையில் ஒரு கல்லை ஊன்றுவார்கள். போனவர் அதில் வந்து உட்கார்ந்திருக்கிறார் என்று வைத்து, மஞ்சள் பூசி, பால் ஊற்றி, சோறு படைத்து, கடைசியில் தண்ணீரில் விட்டுவிடுவார்கள். விட்டவர்கள் திரும்பிப் பார்க்காமல் கரையேற வேண்டும். சடங்கு செய்ய வேண்டியவர் பூபதியின் தம்பி அர்த்தநாரி. மற்றவர்கள் ஆற்றிலேயே ஒரு கல்லைப் பொறுக்குவார்கள். அவரோ அண்ணன் வீட்டுக் குவியலுக்குப் போய், இருப்பதில் பெரியதாக ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"எங்கண்ணன் கல்லு கல்லுன்னே கெடந்தான். அதுலயே உக்காரட்டும்."

ஜலகண்டாபுரத்துக் கல். சொந்தக்காரர்கள் வரிசையாகப் பால் ஊற்றினார்கள். ரஞ்சிதா ஊற்றிவிட்டு, வழிந்த பாலை உள்ளங்கையால் துடைத்தாள், வாயோரம் துடைப்பது போல. பார்த்தவர்களெல்லாம் உடைந்து அழுதார்கள். கஸ்பார் மட்டும் அழவில்லை. அவர் கண் அந்தச் சில்லுப் பெயர்ந்த இடத்தில் இருந்தது. பால் பட்டதும் வரிகள் பளிச்சென்று எழுந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தார். நண்பன் கருமாதியில் நின்றுகொண்டு கல்லுக்கு நீரோட்டம் பார்த்த மனுசனை என்னவென்று சொல்வது? அர்த்தநாரி அதைத் தண்ணீரில் விட்டதும் எல்லோரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு கரையேறினார்கள். கஸ்பார் கிறிஸ்தவ வேதக்காரர்; திரும்பிப் பார்க்கக் கூடாது என்ற கட்டுப்பாடு அவருக்கு இல்லை. எந்தப் படிக்கு நேராக, எவ்வளவு தூரத்தில் விழுந்தது என்று நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டார்.

கோடையில் காவிரிக் கதவணையில் ஏதோ வேலைக்காகத் தண்ணீரை வடித்தார்கள். பாறையும் சேறுமாக ஆறு கிடந்தது. மீன் பிடிக்க ஊரே இறங்கிய கூட்டத்தில் கஸ்பாரும் இறங்கினார். படித்துறைக்கு நேரே கருமாதிக் கற்கள் ஏராளமாகக் கிடந்தன. யார் யாருடைய அப்பனோ, யார் யாருடைய அம்மாவோ. அத்தனைக்கும் நடுவில் பூபதியின் கல் உடனே கண்ணில் பட்டது. தோலின் குழிகளில் மஞ்சள் இன்னும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. அதைப் பெருவிரலால் தேய்த்துவிட்டு, மீன் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தார்.

வழியெல்லாம் நியாயம் பேசிக்கொண்டே வந்தார். ஆற்றில் விட்டதும் சடங்கு முடிந்தது, அதற்கப்புறம் அது வெறும் கல் என்று அவர்களே சொல்கிறார்கள். நமக்கோ அதில் நம்பிக்கையே இல்லை. தண்ணீரில் கிடந்து பாசி பிடிப்பதை எடுத்தால் யாருக்கு என்ன நட்டம்? நியாயம் அவ்வளவு சுத்தமாக இருந்தால், வீட்டுக்கு வந்ததும் லிடியாவிடம் மீன் கிடைக்கவில்லை என்று ஏன் சொன்னார், பையை ஏன் காட்டவில்லை என்பது கஸ்பாருக்கே வெளிச்சம்.

லிடியா அயோத்தியாப்பட்டணத்துக்குத் தங்கை மகள் நிச்சயதார்த்தத்துக்குப் போன அன்று, லீவு போட்டுவிட்டு மெஷினை ஓட்டினார். கெட்டியான கல், பிளேடு முனகிக்கொண்டே இறங்கியது. பாதி வழியில் ஒருமுறை நிறுத்தினார். நிறுத்தியவர் பிளேடுக்குத் தண்ணீர் சரியாகச் சொட்டுகிறதா என்று பார்த்துவிட்டு மறுபடி ஓட்டினார். இரண்டாகப் பிரிந்ததும் குழாயில் கழுவி வெயிலுக்குக் கொண்டுவந்தார். சாம்பல் வரிக்குள் நீல வரி, நீலத்துக்குள் வெள்ளை, நடுவில் இளஞ்சிவப்பாய் ஒரு வளையம், அதற்குள் சர்க்கரை கொட்டியது போல் மின்னும் சின்னப் பொந்து. இத்தனை வருடத்தில் இப்படி ஒன்று அவர் கைக்கு வந்ததில்லை.

"பூபதி, இங்க பாரு," என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே திரும்பினார்.

கொட்டகையில் யாரும் இல்லை. அப்போதுதான் உறைத்தது. இதைக் காட்ட வேண்டிய ஒரே ஆளைத்தான் அவர் ஆற்றிலிருந்து களவாடி வந்து அறுத்திருக்கிறார். நம்பிக்கை இல்லாதவர் நினைக்கிற நினைப்பா இது? ஆனால் நினைத்துவிட்டார். உட்கார்ந்து எமரித்தாளை எடுக்கக் கை வரவில்லை. இரண்டு பாதியையும் பழைய வேட்டியில் சுற்றி டூல்ஸ் பெட்டிக்கு அடியில் தள்ளினார். அதன் பிறகு மெஷின் ஓடவில்லை.

சாமியாரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கும் போய்ப் பார்த்தார். ஆற்றிலிருந்து ஒரு கல் எடுத்துவிட்டேன் சாமி என்றார். புதிதாக வந்த இளம் சாமியார் திடுக்கிட்டு, மணல் லாரியா என்று கேட்டார். இல்லை, கையளவு ஒரே ஒரு கல் என்றதும், சிரிப்பை அடக்கிக்கொண்டு, இதற்கெல்லாம் மனதைப் போட்டு அலட்டிக்கொள்ளாதீர்கள், ஒரு அருள் நிறை மந்திரம் சொல்லுங்கள் என்று அனுப்பிவிட்டார். மந்திரத்தைச் சொன்னார். சொல்லாத பாவத்துக்கு மன்னிப்பு எங்கிருந்து வரும்? ரஞ்சிதா எதிரே வந்தால் அடுத்த சந்தில் திரும்பிவிடும் பழக்கம் கல்லை எடுத்த நாளில் தொடங்கியது, அதற்குப் பிறகு இன்னும் கெட்டிப்பட்டது.

சந்தில் திரும்பினால் ஆள் வீட்டுக்கே வருவார்கள். கஸ்பார் ரிட்டயர் ஆகப் போகும் மாதத்தில், ஒரு மத்தியானம் ரஞ்சிதா ஆட்டோவில் ஒரு சாக்கு மூட்டையோடு வந்து இறங்கினாள். வீட்டைக் காலி செய்துகொண்டு ஜலகண்டாபுரத்துக்கே போவதாகவும், புருசன் பொறுக்கிய கற்கள் குப்பைக்குப் போக மனம் வரவில்லை, கஸ்பார் அண்ணனே வைத்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னாள். லிடியா காப்பி போட உள்ளே போனாள். ரஞ்சிதா நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். முந்தானை நுனியைத் திருகினாள், விட்டாள், மறுபடி திருகினாள்.

"அண்ணா, ஒண்ணு சொல்லோணுங்க. கருமாதி அன்னைக்கிலிருந்து நெஞ்சுலயே கெடக்குது. அந்தப் பெரிய கல்லு உங்களுக்குன்னு வெச்சிருந்தாருங்க. நீங்க ரிட்டயர் ஆகற அன்னைக்கு முழுசாக் கையில குடுத்து, கஸ்பாரே வெட்டட்டும்னு சொல்லுவாரு. உங்ககிட்ட மூச்சு உடக் கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கியிருந்தாரு. கொழுந்தனாரு அதைத் தூக்கறப்ப எனக்குத் தெரியுமுங்க. வாயத் தொறக்க முடியல. உங்க பொருளைக் கொண்டுபோய் ஆத்துல உட்டுட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க."

சொல்லிவிட்டுக் கையைக் கூப்பினாள். தன்னைப் பார்த்து அவள் கை கூப்பியதும் கஸ்பாருக்கு உடம்பு கூசியது. அதனாலென்ன அம்மிணி, போகட்டும் விடு என்று ஒரு வார்த்தை போதும். அவள் பாரம் இறங்கிவிடும். ஊருக்கு நிம்மதியாகப் போய்ச் சேருவாள். இவரும் பெரிய மனுசராகிவிடலாம். அந்த வார்த்தை நாக்கு நுனிவரைக்கும் வந்தது. திருட்டுக் கல்லை வீட்டில் வைத்துக்கொண்டு, பறிகொடுத்தவளுக்கு மன்னிப்பும் வழங்குவதா என்று நினைத்தபோது அவருக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. எழுந்து போய் டூல்ஸ் பெட்டியை இழுத்து, வேட்டி மூட்டையைக் கொண்டுவந்து அவள் முன்னால் பிரித்தார்.

வெட்டு முகம் மேலே தெரிந்தது. ரஞ்சிதாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

"எவ்வளவு அழகா இருக்குதுங்க. எங்கீங்கண்ணா எடுத்தீங்க?"

கஸ்பார் ஒரு பாதியைத் திருப்பி வைத்தார். தவிட்டு நிறத் தோல். அவள் விரல் நேராக அந்தச் சில்லுப் பெயர்ந்த இடத்துக்குப் போய் நின்றது. லிடியா காப்பி டம்ளர்களோடு நிலைப்படியில் நின்றுவிட்டாள்.

"தண்ணி வடிச்சப்ப எடுத்தேன் அம்மிணி," என்றார் கஸ்பார். "விழுந்த எடத்த அன்னைக்கே பாத்து வெச்சிருந்தேன். தெரிஞ்சேதான் எடுத்தேன். தெரிஞ்சேதான் வெட்டினேன்."

அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். அவள் திட்டவில்லை. இரண்டு பாதியையும் மடியில் எடுத்து வைத்து, தோல் வெளியே இருக்கும்படி ஒன்றோடொன்று பொருத்தினாள். பொருந்துவது போலிருந்தது, ஆனால் சரியாகப் பொருந்தவில்லை. ஓரத்து மேடு பள்ளங்கள் ஒன்றையொன்று தாண்டி நின்றன. திருப்பித் திருப்பி வைத்துப் பார்த்தாள்.

"நடுவால கொறையுதுங்களே."

"பிளேடு கனத்துக்குக் கல்லு தேஞ்சு போயிரும் அம்மிணி. எந்தக் கல்ல வெட்டினாலும் அப்படித்தான்."

"தேஞ்சது எங்கீங்க?"

கஸ்பார் கொட்டகைப் பக்கம் பார்த்தார். வெட்டும்போது கல் மாவாகிக் கரைந்து, சொட்டுகிற தண்ணீரோடு ஓடிவிடும். அன்றைக்கும் அது பால் போல வெள்ளையாக ஓடியது. எங்கே ஓடியது என்று இத்தனை வருடத்தில் அவர் நினைத்துப் பார்த்ததே இல்லை.

"சாக்கடைல," என்றார்.

ரஞ்சிதா வேட்டித் துணியை ஒதுக்கிவிட்டு, இரண்டு பாதியையும் தன் முந்தானையிலேயே முடிந்துகொண்டு எழுந்தாள். லிடியா நீட்டிய காப்பியை ஒரு வாய் குடித்து, டம்ளரைத் திருப்பிக் கொடுத்து, வாரேனுங்க அக்கா என்று சொல்லிக்கொண்டாள். சாக்கு மூட்டை இருந்த இடத்திலேயே இருந்தது. வாசலில் நின்று, கஸ்பாரின் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்.

"போற வழியில ஆத்துல உட்டுட்டுப் போயிர்றேன். நீங்க கரைக்கு வர வேண்டாமுங்கண்ணா."

கஸ்பார் சரியென்று தலையாட்டினார். ஆட்டோ திரும்பிப் படித்துறைப் பக்கம் போகிற சத்தம் கேட்டது. அவர் உள்ளே வந்து, தெருவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.