கழற்றி வைத்த பேட்டரி

ஓய்வுபெற்றபின் ஒரு மாதம், தினம் ஒரு படம் பார்த்து மதிப்பெண் போட்டேன். பேய்ப் படம், நீதிமன்றப் படம், பனியில் யாருமே பேசாத ஒரு கியூபெக் படம். பேய்களைக்கூட நம்ப முடிந்தது. வழக்கறிஞர்களுக்குத்தான் நடைமுறை தெரியவில்லை.

கியூபெக்கில் நாங்கள் குடியிருக்கும் லாசால் பகுதியில், எங்கள் அடுக்குமாடிக்குத் தீப் பாதுகாப்பு விதிகளை எழுதிக் கொடுத்தவன் நான். ஆனால் தாளிக்கும்போதெல்லாம் புகை அலாரம் அலறிப் படத்தைக் கெடுத்ததால், அதன் பேட்டரியைக் கழற்றி வைத்திருந்தேன்.

இருபத்தொன்பதாம் நாள் மதியம், அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு ஹெட்போனுடன் உட்கார்ந்தேன். கண் அறுவைச் சிகிச்சை முடிந்த மனைவி உள்ளறையில் தூங்கிக்கொண்டிருந்தாள். படத்தில் பக்கத்து அறை எரிவது தெரியாமல் ஒருவன் சீட்டாடினான். 'நம்பும்படி இல்லை' என்று எழுதி இரண்டு மதிப்பெண் குறைத்தேன்.

நிமிர்ந்தபோது கூடமெங்கும் புகை. கதவு அதிர்ந்துகொண்டிருந்தது. திறந்தேன். கீழ்வீட்டு யாழ்ப்பாணத்துக்காரர். மீன் பொரிக்கும் வாடைக்காக நான் இருமுறை புகார் எழுதியது இவர்மேல்தான்.

"அண்ணை, அக்கா எங்கை?"

உள்ளறைப் பக்கம் கையைக் காட்டினேன். அவர் உள்ளே ஓடினார். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று நான் எழுதிய விதிகளில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. இருமியபடி அவள் அவர் தோளில் சாய்ந்து வெளியே வரும்வரை அங்கேயே நின்றேன். அடுப்பை அணைத்ததும் அவர்தான்.

"அலாம் அடிக்கேல்லையோ?"

"நான்தான் பேட்டரியைக் கழட்டி வெச்சிருந்தேன்."

"நல்ல காலம், என்ர மூக்கைக் கழட்டேல்லை."

அவர் சிரித்தார். என்னால் முடியவில்லை.

பேட்டரியை மாட்டிவிட்டு, குறிப்பேட்டில் 'நம்பும்படி இல்லை' என்ற வரியை அடித்து நீக்கினேன். குறைத்த இரண்டு மதிப்பெண்ணையும் திருப்பிக் கொடுத்தேன்.