கிழிந்துபோன கடைசி வரி

பேத்தி ஒரு உறையைப் பரபரவென்று கிழித்தாள். பசை வாசனை என்னை எழுபதுகளின் திருவள்ளூருக்கு, எங்கள் மணவாள நகர் வீட்டுக்கு இழுத்துப் போனது.

ரயில்வே வேலையாய் வடக்கே இருந்த அப்பா, இன்லண்ட் லெட்டரில் கவிதை எழுதி அனுப்புவார். இடம் போதாமல் கடைசி வரி எப்போதும் ஒட்டும் மடிப்புக்குப் போய்விடும். சோழவரம் ஏரி வற்றியதைப் பற்றி அவர் எழுதிய கவிதையை அம்மா கொண்டை ஊசியால் பிரித்தபோது, அந்த வரி பசையோடு கிழிந்துவிட்டது. நான் அழுதேன்.

"இன்னாத்துக்கு அழுவுற? தண்ணி போனாலும் கொக்கு அங்கயேதான் நிக்குதுன்னு எழுதியிருப்பாரு உங்க நைனா" என்றாள் அம்மா, அரிசி களைந்துகொண்டே.

அதுதானா என்று கேட்டு எழுதினேன். அப்பாவின் பதில் வந்தது: "நான் எழுதியது வேறு. அம்மா சொன்னதே இருக்கட்டும், அதுதான் கவிதை. திருவள்ளூருக்கு மாற்றல் கேட்டு மனு போட்டுவிட்டேன்."

"மெதுவா பிரி கண்ணு" என்றேன் பேத்தியிடம். "ஓரத்துல எதுனா எழுதியிருக்கும்."