சர்வரோக நிவாரணி விற்றவர்

2006ஆம் ஆண்டு, ஒரு நாள் காலை ஏழு பத்து. கடலூரில் சிதம்பரம் பஸ்ஸில் உட்கார்ந்ததும் நான் முதலில் பார்த்தது, ஒருவர் என் மடியில் வைத்துவிட்டுப் போன தைலப் புட்டியை. எல்லார் மடியிலும் ஒன்று வைத்துவிட்டுப் பேசுவதும், பேசி முடித்து வேண்டாதவர்களிடம் திரும்ப வாங்கிக்கொள்வதும் பஸ் வியாபாரிகளின் வழக்கம். இவர் ஒல்லியானவர். சட்டைக்குக் கழுத்துவரை பொத்தான் போட்டிருந்தார். புட்டியில் 'சர்வரோக நிவாரணி' என்று ஒட்டியிருந்தது.

"சர்வம்னா எல்லாம். ரோகம்னா நோவு. நிவாரணின்னா போக்குறது. மூணுமே வடமொழி" என்று, சொல்லுக்கு ஒரு விரலாக மடக்கிக் காட்டினார்.

திரும்ப வாங்க வந்தபோது என் பக்கத்திலிருந்த பெண் புட்டியைக் கொடுக்கவில்லை.

"எங்க வீட்டுக்காரருக்கு ஈரல்ல புத்துநோய். இனிமே ஒண்ணும் பண்ண முடியாதுன்னு ஆஸ்பத்திரில அனுப்பிட்டாங்க. இத உள்ளுக்குக் குடுக்கலாமா அண்ணே?"

"மேல தடவுறதும்மா இது. மூட்டுவலிக்கு."

"எல்லா நோவும் போகும்னு இப்பதான சொன்னீங்க?"

"பேருக்கு அர்த்தம் சொன்னேம்மா."

பின் இருக்கையில் ஒருவர் வியாபாரியைப் பார்த்துச் சிரித்தார். "பேர வேணா கரைச்சுக் குடுங்க மாமா."

வியாபாரி சிரிக்கவில்லை. "திருப்பிக் குடுத்துடும்மா. உள்ள போனா வயிறு வெந்துடும்."

அந்தப் பெண் புட்டியை முந்தானையில் முடிந்துகொண்டார்.

"புதுச்சத்திரம் வந்துடுச்சு, எப்பவும் போல எறங்கலயா?" என்று கண்டக்டர் வியாபாரியிடம் கேட்டார். வியாபாரி இல்லையென்று தலையசைத்தார்.

சிதம்பரத்தில் அந்தப் பெண் இறங்கிக் கூட்டத்துக்குள் வேகமாக நடந்தார். "உள்ளுக்குக் குடுத்துடாதம்மா!" என்று வியாபாரி கூப்பிட்டுக்கொண்டே பின்னால் ஓடினார். அவருடைய மருந்துப் பை பஸ்ஸிலேயே இருந்தது.