மணி அடித்தால்தான் வேலை

கம்ப்யூட்டர் பிரிவில் குப்பை கொட்டியவர்களுக்குத் தெரியும்: எல்லாம் ஒழுங்காக நடந்தால் "நீ எதற்கு?" என்பார்கள், ஏதாவது நின்றுபோனால் "நீ எங்கே போயிருந்தாய்?" என்பார்கள். எண்பதுகளில் ஹைதராபாத்தில் ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலையில் இந்த இரண்டு கேள்விகளையும் நான் வயிறு நிறைய வாங்கியிருக்கிறேன்.

தினமும் காலையில் ஸ்டோர்ஸிலிருந்து முந்தின நாள் சரக்குக் கணக்கு பதிந்த ஒரு டேப் வரும். அதை ஏற்றி, ஏழெட்டு புரோகிராம்களை ஒவ்வொன்றாகத் தட்டி ஓட்டினால் பதினொரு மணி மீட்டிங்குக்கு ஸ்டாக் ரிப்போர்ட் தயார். ஒன்று முடியும்வரை காத்திருந்துதான் அடுத்ததைத் தட்ட வேண்டும். ஆள் அந்தண்டை இந்தண்டை நகர முடியாது. எனக்கோ திருச்சியில் பெண் நிச்சயமாகி, முகூர்த்தமும் குறித்தாகிவிட்டது. பத்து நாள் லீவு வேண்டும். அதனால் எல்லாவற்றையும் தானே வரிசையாக ஓட்டும்படி ஒரு கமாண்ட் ஃபைல் எழுதினேன். இந்தக் காலத்துப் பிள்ளைகள் ஸ்கிரிப்ட் என்று சொல்வது இதைத்தான். திரையில் ஒன்றும் காட்டாது. நடந்ததை, குறை ஏதும் இருந்தால் அதையும் சேர்த்து, லாக் என்ற பெயரில் டிஸ்க்கில் எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். இனி லீவு கையில் வந்த மாதிரிதான் என்று நினைத்தேன்.

ஜப்பார் பாயின் கருணை

ஜப்பார் பாய் எங்கள் ஆபரேட்டர். டேப் ஏற்றுவது, ஏ.சி.யைப் பார்த்துக்கொள்வது எல்லாம் அவர் பொறுப்பு. முதல் நாள் கமாண்ட் ஃபைலை ஓட விட்டு நிம்மதியாக டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் மெஷின் அணைந்து கிடந்தது. மின்சாரத்தை மிச்சம் பிடிக்கச் சொல்லி சர்க்குலர் வந்திருந்த சமயம். திரையில் அசைவில்லை, பிரிண்டரில் ஓசையில்லை, மெஷின் தூங்கிவிட்டது என்று முடிவு கட்டி, அவரே அதைப் படுக்க வைத்துவிட்டார். நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்து, சத்தமே வரவில்லையே, இதற்குப் போய் எதற்குக் கவலை என்று அவர் தன் ஹைதராபாத் உருதுவில் அமைதியாகக் கேட்டார்:

"ஆவாஜ்ச் நை ஆயா, சோகயா சமஜ்கே சுலா தியா. கைக்கு பரேஷான் ஹோரே சாப்?"

கையெழுத்துக்கு இடம்

மேனேஜர் மூர்த்தி சார் தெலுங்கர். மெட்ராஸில் படித்தவர், என்னிடம் தமிழில்தான் பேசுவார். முன்பெல்லாம் ஒவ்வொரு புரோகிராமும் முடியும்போது பிரிண்டர் கடகடவென்று ஒரு தாளைத் துப்பும். அவர் அதில் பச்சை மையில் கையெழுத்துப் போடுவார். இப்போது தாளே இல்லை. காலை முழுவதும் பேனாவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார். பார்க்கவே பாவமாக இருந்தது.

மனசு கேட்காமல் லாக்கைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் பேனா முனையை ஓட்டிப் படித்தார். எல்லாம் சரியாக முடிந்தது என்றே எல்லா வரியும் சொல்லியது. அவர் முகம் வாடிவிட்டது.

"ஒரு தப்புகூட இல்லைன்னா, நான் எதைப் பார்த்துச் சரின்னு கையெழுத்துப் போடறது?"

மாப்பிள்ளை பார்த்த உத்தியோகம்

வருங்கால மாமனார் பத்திரிகை கொடுக்க மல்காஜ்கிரியில் எங்கள் வீட்டுக்கு வந்தார். மாப்பிள்ளை வேலை செய்யும் இடத்தையும் பார்க்க ஆசைப்பட்டார். மறுநாள் பாஸ் வாங்கி அழைத்துப் போய்க் கம்ப்யூட்டர் அறைக் கண்ணாடிக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். கமாண்ட் ஃபைல் அன்று வெகு அழகாக ஓடியது. அதாவது, ஒரு மணி நேரம் கறுப்புத் திரைக்கு முன்னால் நான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்குத் திரும்பியதும் அவர் ரயில்வேயில் ரிட்டையர் ஆன என் அப்பாவைத் தனியாக ஓரங்கட்டிக் கேட்டது எனக்கும் கேட்டது:

"சம்பந்தி, தப்பா நினைக்காதீங்க. மாப்ளைக்கு உத்தியோகம் நிரந்தரம்தானே?"

ஒரே ஒரு வரி

முகூர்த்தம் நெருங்கிவிட்டது, லீவு விண்ணப்பம் மூர்த்தி சார் மேஜையில் தூங்கியது. கேட்டால், "நீ போயிட்டா அது ஓடுதா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்றார். லாக்கைத் திறந்து பார்க்கலாம் சார் என்றேன். ஏதோ தகாத வார்த்தை சொன்ன மாதிரி பார்த்தார். சொந்தக் கல்யாணத்துக்குப் போக முடியாதவன் என்று ஊர் சிரிக்குமே என்று உண்மையிலேயே பயந்தேன்.

மறுநாள் கமாண்ட் ஃபைலில் ஒரே ஒரு வரி சேர்த்தேன். ஒரு புரோகிராம் முடிந்து அடுத்ததற்குப் போகும்போது டெர்மினல் 'டிங்' என்று ஒரு மணி அடிக்கும். வேறு எந்தப் பிரயோஜனமும் அதற்குக் கிடையாது. முதல் மணிக்கு மூர்த்தி சார் நிமிர்ந்தார். இரண்டாவது மணிக்குச் சிரித்தார். கடைசி மணி அடித்தபோது பச்சை மைப் பேனா என் விண்ணப்பத்தின் மேல் இருந்தது.

"இப்பத்தான்யா இது வேலை செய்யுது."

திரும்பி வந்தபோது

கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. புது மனைவி கமலாவை மல்காஜ்கிரி வீட்டில் விட்டுவிட்டு ஆபீஸ் போய் லாக்கைத் திறந்தேன். நான் கிளம்பிய நாளிலிருந்து ஒவ்வொரு காலையும் முதல் வரியில் 'டேப் இல்லை' என்று எழுதியிருந்தது. விசாரித்தேன். முதல் நாள் ஜப்பார் பாய் டேப் ஏற்ற மறந்திருக்கிறார். ஆனாலும் மணி அடித்திருக்கிறது. அப்படியானால் டேப் தேவையில்லை போலிருக்கிறது என்று அவர் பேசாமல் இருந்துவிட்டார். "டேப் நக்கோ சாப், கண்டி பஜ்ரய்ச்" என்றார். லாக்கை யாருமே திறக்கவில்லை. ஆக, டிஸ்க்கில் கிடந்த பழைய கணக்கே திரும்பத் திரும்ப வந்து, பத்து நாளும் மீட்டிங்கில் ஒரே பழைய ரிப்போர்ட்டை வைத்துத்தான் பேசியிருக்கிறார்கள்.

உடனே போய் மூர்த்தி சாரிடம் சொன்னேன். அவர் கதவைச் சாத்திவிட்டு வந்து மெதுவாகச் சொன்னார்:

"வெளியே சொல்லாதே. ஸ்டாக் ரொம்ப நிலையா இருக்குன்னு ஜெனரல் மேனேஜர் நேத்துதான் பாராட்டினார்."

அன்று சாயங்காலம் கமலாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். சிரிப்பாள் என்று பார்த்தால், சட்டென்று எழுந்து இன்லண்ட் லெட்டரும் பேனாவும் எடுத்து வந்தாள்.

"நீங்க இல்லாம அங்க ஒண்ணும் நடக்கலைன்னு அப்பாவுக்கு உடனே எழுதறேன். மனுஷர் அன்னிலேருந்து தூங்கலை."

அதன் பிறகு மணியை ஊர் கேட்க அடிக்க விட்டு, லாக்கை மட்டும் யாருக்கும் தெரியாமல் தினமும் படித்து, மாமனார் விரும்பியபடி ரிட்டையர் ஆகும்வரை நிரந்தரமாகவே உத்தியோகம் பார்த்தேன்.