ஸ்டெல்லா எழுதிய மூன்றாம் பகுதி

ஸ்டெல்லாவின் உதடு கிழிந்தது ஒட்டன்சத்திரத்துக் கல்யாண மண்டபம் ஒன்றில். அன்று மாலைதான் திண்டுக்கல்லில் அவள் எழுதிய, மூன்று பகுதிகள் கொண்ட புதிய ஜாஸ் இசையை முதன்முறையாக வாசிக்க இருந்தோம்.

நான் அவள் குழுவில் பேஸ் கிட்டார். அதற்கு முன் பல வருடம் லைட் மியூசிக் கச்சேரிகள். ஸ்டெல்லா திண்டுக்கல்காரி, சர்ச்சில் சாக்ஸபோன் பழகியவள். வெளியூர்களில் அவள் பெயரை இப்போதுதான் சொல்லத் தொடங்கியிருக்கிறார்கள். பெயர் வந்தாலும் பிழைப்பு என்னவோ முகூர்த்த நாட்களில்தான்.

அன்று தாலி கட்டி முடிந்தும் பெண்ணின் மாமா விடவில்லை.

"ஏனுங்க, சொந்தக்காரங்க இப்பத்தானுங்க வந்து உக்காந்திருக்காங்க. இன்னும் நாலு பாட்டு வாசிச்சிட்டுப் போங்க."

வாசித்தோம். சாக்ஸபோன் வாசிக்கும்போது கீழுதடு பல்லின் மேல் மடிந்திருக்கும். அளவு மீறினால் பல் அறுத்துவிடும். அவள் வாயைத் துடைத்த கர்ச்சீப்பில் ரத்தம்.

திரும்பும் வழியில் வேன் காய்கறி லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தது. டிரம்மர் பஷீர் கேட்டான்.

"ஏம்மா, சாயங்காலம் ரெண்டு சினிமாப் பாட்டப் போட்டு ஒப்பேத்திருவமா?"

"இல்லண்ணே. எங்கப்பா, அம்மால்லாம் வாராங்க. இம்புட்டு நாள் உக்காந்து எழுதுனது."

"மூணாவது பகுதியில அம்புட்டு உச்சிக்குப் போகணுமேம்மா. தாங்குமா?" என்றேன்.

கர்ச்சீப்பை உதட்டில் ஒற்றி எடுத்தாள். "தாங்காதுண்ணே. அங்க கீழயே வாசிக்கிறேன். நான் விடுற எடத்த நீங்க நெரப்புங்க."

மாலை, கல்லூரி அரங்கம். முதல் இரண்டு பகுதிகளை வலியை விழுங்கிக்கொண்டு வாசித்தாள். மூன்றாவதில், கீழ்ஸ்தாயியில் மூன்று ஸ்வரம் ஊதிவிட்டு வாயை எடுத்தாள். நான் இரண்டு தந்திகளில் மெதுவாகத் தொடர்ந்தேன். பஷீர் குச்சிகளை வைத்துவிட்டு, மெல்லிய ஓசைக்கான கம்பி பிரஷ்ஷை எடுத்துக்கொண்டான். அவள் மறுபடி ஒரு ஸ்வரம், மறுபடி மௌனம். அரங்கத்தில் இருமல்கூட இல்லை. முடிந்ததும் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

மேடைக்குப் பின்னால் உதட்டில் ஐஸ் வைத்தபடி முகம் வாடி உட்கார்ந்திருந்தாள்.

"சனமே எந்திரிச்சு நிக்கிது. அப்பறம் என்னம்மா?" என்றான் பஷீர்.

"அது நான் எழுதுனது இல்லண்ணே. எழுதுனத இன்னும் யாருமே கேக்கல."

எனக்கு வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது.

உதடு ஆறியபின் வத்தலக்குண்டில் ஒரு பள்ளிக்கூட ஹாலில் அதே இசையை வாசிக்க வாய்ப்பு வந்தது. அந்த வாரம் வந்த கல்யாணங்களை அவள் ஒப்புக்கொள்ளவில்லை. அன்று ஹாலில் பாதி நாற்காலிகள் காலி. சிலர் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று நடுவிலேயே எழுந்து போனார்கள். மூன்றாம் பகுதியில் அவள் படிப்படியாக ஏறி, உச்சியில் ஒரே ஸ்வரத்தைப் பிடித்து நின்றாள். முதல் இரண்டு பகுதிகளும் எதை நோக்கி நடந்தன என்பது அப்போதுதான் எனக்கே விளங்கியது. கைதட்டல் கொஞ்சம்தான். மேடையிலிருந்து இறங்கியவள், "அண்ணே, பசிக்குது. வாங்க சாப்பிடலாம்," என்றாள்.

புதிதாக எழுதி வாசிக்க வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். அதை வாசிக்கும் நாளின் காலையில் வேறு கச்சேரி வேண்டாம், உடம்பு ஒன்றுதான். கைதட்டல் வந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் எழுதியதை எழுதியபடி ஒரு தடவையாவது வாசித்துவிடுங்கள். அதுவரை அந்த வேலை முடிந்ததாகாது.