தன் பாட்டையே வெட்டிய வெதர்பி

ஒத்திகைக்குப் பியானோ வாசிப்பவருக்கு யாரும் கைதட்டுவதில்லை. வாத்திய கோஷ்டி வந்து இறங்கியதும் ஒரு நன்றி சொல்லி எங்களை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். கல்யாணத்துக்கு முதல் நாள் வரை ஓடியாடிவிட்டு, தாலி கட்டும் நேரத்தில் சமையல்கட்டில் மாட்டிக்கொண்டவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

நான் பாளையங்கோட்டைக்காரி. சர்ச்சில் வாசித்துப் பழகியவள். கணவர் ஜெபராஜ் பாங்க் கம்ப்யூட்டர் வேலைக்காக ஜெர்சி சிட்டிக்கு வர, நானும் மகள் பிரீத்தியும் பின்னாலேயே வந்தோம். கிரீன் கார்டு கைக்கு வந்ததும் நியூ ஜெர்சியில் ஒரு சின்ன தியேட்டரில் வேலை இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். தொண்ணூறுகளின் நடுவில் அங்கேதான் டென்னிஸ் வெதர்பியிடம் சிக்கினேன். இங்கிலாந்துக்காரர், இசை நாடகங்களுக்குப் பாட்டமைப்பவர், எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். தன் புது நாடகத்தை எங்கள் மேடையில் அரங்கேற்ற வந்திருந்தார்.

ஜலதோஷப் பரீட்சை

நான் போன நேரம், பழைய ஸ்வெட்டர் போட்ட ஒருவர் பியானோவுக்கு அடியில் படுத்து, கிரீச்சிட்ட பெடலுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். ரிப்பேர்க்காரர் என்று நினைத்து, "இசையமைப்பாளர் எப்போ வருவார்?" என்று கேட்டேன். "எழுந்திருக்க முடிஞ்சா இப்பவே வந்துடுவார்" என்று கையை நீட்டினார். தூக்கிவிட்டேன்.

ஏதாவது வாசிக்கச் சொன்னார். சர்ச் பாட்டு ஒன்று வாசித்தேன். பாதியில், "பாடகிக்குத் தொண்டை கட்டிவிட்டது, சுருதியை அரைக்கட்டை இறக்குங்க" என்றார். இறக்கினேன். "இன்னும் மோசம், ஜுரம்" என்றார். இன்னொரு அரைக்கட்டை. எங்கள் சர்ச் பாடகர் குழுவில் யாருக்குத்தான் தொண்டை சரியாக இருந்தது? எனக்கு இது பழகிய வேலை. அவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த டைரக்டர் பக்கம் திரும்பினார். "இவங்க போதும். ஊரே இருமினாலும் நாடகம் நிக்காது."

கொட்டாவி விட்டுக் கற்றுக்கொடுத்தவர்கள்

டீ இடைவேளைகளில் துண்டு துண்டாகத் தன் கதையைச் சொல்வார். இங்கிலாந்தின் வடக்கே ஒரு கடற்கரை ஊரில் மீன்கடைக்காரர் மகன். பள்ளிக்கூடம் விட்டதும் நடன வகுப்புக்குப் பியானோ வாசிக்கப் போவாராம். மீன் வாடை போகவில்லை என்று அங்கே பெண்கள் தள்ளி நின்று ஆடுவார்களாம். இருபத்தைந்து வயதுக்குள் அவர் போட்ட முதல் இசை நாடகம் லண்டனில் வருடக்கணக்கில் ஓடியது. அடுத்து வந்தவை எல்லாம் படுத்துவிட்டன. ஒரு நாடகத்தில் இடைவேளையிலேயே பாதிப் பேர் எழுந்து போனதாக அவரே சிரித்துக்கொண்டு சொன்னார்.

அதன் பிறகு ஒரு பெண்கள் பள்ளியில் சங்கீத வாத்தியாராகச் சேர்ந்து, ஆண்டுவிழா நாடகங்களுக்குப் பாட்டு எழுதியிருக்கிறார். பேரும் புகழுமாக இருந்துவிட்டு அங்கே போய் உட்கார வேதனையாக இல்லையா என்று கேட்டேன். "வேதனையா? நான் தொழில் கத்துக்கிட்டதே அங்கேதான். லண்டன்ல மரியாதைக்காக உட்கார்ந்திருப்பாங்க. பிள்ளைங்களுக்குப் போரடிச்சா அந்த நிமிஷமே கொட்டாவி விடும்."

எங்கள் வீட்டுச் சண்டை

புது நாடகத்தின் கதை சின்னது. கலங்கரை விளக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் விதவைத் தாய். ஊரைவிட்டுக் கப்பலேறிப் போகத் துடிக்கும் மகள். இருவரும் சண்டை போடும் காட்சிதான் ஒட்டவே இல்லை. அம்மா பாடி முடிக்கும் வரை மகள் நிற்பாள். மகள் பாடி முடிக்கும் வரை அம்மா நிற்பாள்.

அந்த வாரம் அவரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டோம். சொதி குழம்பும் இஞ்சித் துவையலும் அவருக்கு நன்றாக இறங்கின. அப்போது பார்த்து பிரீத்தி, சிநேகிதி வீட்டில் ராத்தங்கும் ஸ்லீப் ஓவருக்குப் போக வேண்டும் என்று ஆரம்பித்தாள். ஒன்பது வயதுக்கு எதற்கு அடுத்த வீட்டில் படுக்கை? நான் தமிழில் இழுத்து இழுத்துத் திட்ட, அவள் இங்கிலீஷில் படபடவென்று பதில் சொல்ல, ஒருவர் முடிக்க மற்றவர் காத்திருக்கவில்லை. விருந்தாளி முன்னால் இப்படி மானம் போனது உங்கள் வீட்டிலும் நடந்திருக்கும். ஜெபராஜ் கண்ணைக் காட்டினார். வெதர்பியோ கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் காட்சியை மாற்றிக் கொண்டுவந்தார். அம்மாவுக்கு நீண்ட, மெதுவான வரி. அதன் மேலேயே மகளுக்குக் குட்டிக் குட்டிச் சொற்கள், வேகமாக. வாசிக்கும்போதே தெரிந்துவிட்டது, அது எங்கள் வீட்டுச் சண்டை. அம்மாவாக நடித்த லொரெய்ன், டெக்ஸாஸ்காரி, அறுபது வயது, நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். "இவ்வளவு நாளா நாங்க கச்சேரி பண்ணிட்டு இருந்தோம். இப்பதான் சண்டை போட்டோம்!"

வெட்டு

இரண்டாம் பாதியில், மகள் கிளம்பும் நேரத்தில், லொரெய்னுக்கு ஒரு தனிப் பாட்டு இருந்தது. அத்தனை அழகு. ஒத்திகையில் தச்சர்கூடச் சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு நிற்பார். அரங்கேற்றத்துக்கு முன்னால் ஜனங்களை வைத்துப் போடும் முன்னோட்டக் காட்சிகளுக்கு வாத்திய கோஷ்டி இன்னும் வரவில்லை, நான்தான் பியானோ. அதைப் பார்க்க நியூ யார்க் தயாரிப்பாளர்கள் இருவர் வந்தார்கள். பிடித்தால் நாடகம் அங்கே போகும். பாட்டு முடிந்ததும் கைதட்டல் ஓயவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வந்த பிரிவுக் காட்சியில் அங்கங்கே இருமல், நாற்காலிச் சத்தம். வெதர்பி கடைசி வரிசைக்குப் பின்னால் நின்று, மேடையைப் பார்க்காமல் ஜனங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

காலையில் வந்து, அந்தப் பாட்டு வேண்டாம் என்றார். டைரக்டர் கத்தினார். தயாரிப்பாளர்கள், "நாங்க வாங்க வந்ததே அந்தப் பாட்டைத்தான்" என்றார்கள். லொரெய்ன் மேக்கப் அறைக்குள் போய்விட்டாள். வெதர்பி பின்னாலேயே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார். கதவு திறந்திருந்தது; பியானோவிலிருந்து எனக்குக் கேட்டது.

"எனக்குன்னு தனியா இருக்கறதே அந்த ஒரு பாட்டு, டென்னிஸ்."

"தெரியும். என் மனைவி ஆஸ்பத்திரியில இருந்தப்போ, அவ பக்கத்துல உட்கார்ந்து எழுதினது."

"அப்புறம் ஏன்?"

"அம்மா இப்படி அழுதா, மகள் எப்படிக் கதவைத் திறந்துட்டுப் போவா? நீ அழலைங்கறதாலதான் அவ போக முடியும்."

அன்று மாலை பாட்டு இல்லை. லொரெய்ன் மகளின் கோட்டுக்கு ஒவ்வொரு பித்தானாகப் போட்டுவிட்டாள். நான் அடியில் நாலைந்து சுரம் மட்டும் தொட்டேன். அரங்கத்தில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. திரை விழுந்ததும் மேக்கப்போடு நேராக அவரிடம் வந்தாள். "உங்களைச் சும்மா விடறதில்லைன்னுதான் இருந்தேன். ஆனா இன்னைக்கு ஒருத்தரும் இருமலை."

பதில் வந்தது

நியூ யார்க்காரர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். கார் பார்க்கிங்கில் டைரக்டர் இதைச் சொன்னபோது எனக்குத்தான் கண் கலங்கியது. பாட்டை வெட்டாமல் வைத்திருந்தால் நாடகம் நியூ யார்க் போயிருக்குமே என்று எல்லோருக்கும் நினைப்பு. வெதர்பிக்கும் முகம் வாடித்தான் இருந்தது. பிறகு என் பக்கம் திரும்பினார். "இரண்டாம் பாதி ஆரம்பம் இன்னும் தொளதொளன்னு இருக்கு. நாளைக்குக் கொஞ்சம் முன்னாடியே வர்றீங்களா?"

கேட்டியிலிருந்து ஒரு போன்

நாடகம் எங்கள் தியேட்டரில் அரங்கு நிறைந்து ஓடியது. பிறகு ஊர் ஊராகப் பல மேடைகள் எடுத்துப் போட்டன. வருடங்கள் கழித்து ஹூஸ்டனுக்கும் போனது. பக்கத்தில் கேட்டி என்ற ஊரில் இருக்கும் என் நாத்தனார் தன் கணவரை இழுத்துக்கொண்டு போனாள். அவர் எந்த நாடகத்திலும் முதல் பத்து நிமிஷத்தில் தூங்கிவிடுகிறவர். மறுநாள் போன் பண்ணினாள். "மதினி, இவங்க கண்ணைக்கூட மூடல. வெளிய வந்து காரை ஸ்டார்ட் பண்ணாம, நம்ம பிள்ள காலேஜுக்குப் போறத நெனச்சு ஸ்டியரிங்கப் பிடிச்சிட்டு அழுதாங்க."

அப்போது வெதர்பி இங்கிலாந்துக்கே திரும்பியிருந்தார். கூப்பிட்டுச் சொன்னேன். பாராட்டைக் கேட்டு மகிழ்வார் என்று பார்த்தால், "எங்கே வெச்சு அழுதார்?" என்று விசாரணை பண்ணினார். வெளியே வந்து, காரில் என்றேன். கிழவர் நிம்மதியாக மூச்சு விட்டது கடல் தாண்டிக் கேட்டது. "அப்போ சரி. உள்ளேயே அழுது முடிச்சிருந்தா வீட்டுக்குக் கொண்டுபோக ஒண்ணும் இருக்காது; இன்னும் ஏதாவது வெட்டணும்."

அவரிடம் வேலை பார்த்ததில் எனக்கு ஒரே நஷ்டம், இன்றைக்கு எந்த நாடகத்துக்குப் போனாலும் எந்தப் பாட்டை வெட்டியிருக்கலாம் என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, பக்கத்து ஸீட்டில் ஜெபராஜ் மட்டும் டிக்கெட் காசுக்குக் குறைவில்லாமல் ரசித்துவிட்டு வருகிறார்.