தானாக ஓடிய அம்புக்குறி

போன செவ்வாய்க்கிழமை திருப்பத்தூரில் ஒரு மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து, மலைமேல் ஜமுனாமரத்தூரில் இருக்கும் என் வீட்டுக் கம்ப்யூட்டரைத் திறக்கப் போராடிக்கொண்டிருந்தேன்.

மனைவிக்கு வயிற்றில் ஒரு கட்டி. ஆபரேஷனுக்கு நாள் குறிப்பதற்கு முன், "முன்னாடி எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட் இருக்குங்களா? கட்டி வளர்ந்திருக்கான்னு பார்க்கணும்" என்றார் டாக்டர். பேப்பர் எப்போதோ தொலைந்துவிட்டது. காப்பி கம்ப்யூட்டரில் இருக்கிறது. மலையேறிப் போய் எடுத்து வருவதற்குள் டாக்டர் கிளம்பிவிடுவார்.

கவலைப்படவில்லை. எங்கிருந்தும் வீட்டுக் கம்ப்யூட்டரை இயக்கும் ஆப் ஒன்றைப் போட்டு வைத்திருந்தேனே... அழுத்தினேன். 'ஆஃப்லைன்' என்றது. மறுபடி அழுத்தினேன். மறுபடியும் அதே பதில்.

பக்கத்து வீட்டு விஜயாவைக் கூப்பிட்டேன். எங்கள் கோழிகளுக்குத் தீனி போட அவரிடம்தான் சாவி இருந்தது.

"கரண்ட் போய்ட்டு இப்பதான் வந்துச்சுண்ணா" என்றார்.

கரண்ட் வந்தால் ஃபேன் தானாகச் சுற்றும். கம்ப்யூட்டர்? யாராவது போய் பட்டனை அழுத்த வேண்டும். இது எனக்கு ஏன் முன்பே தோன்றவில்லை?

விஜயா போய் அழுத்தினார். என் போனில் கம்ப்யூட்டர், மனைவி போனில் விஜயா. திரை துண்டு துண்டாக வந்தது. அம்புக்குறியை மெல்ல நகர்த்தினேன் — பொசுக்கென்று எல்லாம் கறுப்பாகிவிட்டது.

"அண்ணா, அது தானா ஓடுது. பயமா கீதுன்னு ஸ்விட்ச ஆஃப் பண்ணிட்டேன்."

"விஜயா, அது நான்தாம்மா."

"நீங்க திருப்பத்தூர்ல இல்ல கீறீங்க?"

இங்கிருந்தே போன் வழியாக நகர்த்துகிறேன் என்று சொல்லி, மறுபடி போடச் சொன்னேன். இந்த முறை, "நீங்க பாருங்க, நான் எதையும் தொடல. இங்கயேதான் நிக்கறேன்" என்றார்.

ரிப்போர்ட் திறந்தது. அதை எனக்கே மெயில் அனுப்பினேன்.

"அண்ணா... இதுல அக்காவுக்கு இன்னான்னு போட்டிருக்கு?"

"தெரியலம்மா. டாக்டர்தான் சொல்லணும்."

டாக்டர் பையை மாட்டிக்கொண்டு நின்றிருந்தார். போனில் வந்த பழையதையும் புதிய ஸ்கேனையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "வளரலைங்க. இப்ப ஆபரேஷன் வேணாம். ஆறு மாசம் கழிச்சுப் பார்க்கலாம்."

மனைவி என் கையிலிருந்த தன் போனை வாங்கி, "விஜயா, ஒண்ணும் இல்லையாம். சாயந்தரம் வந்துர்றோம்" என்றாள். குரல் உடைந்தது. மறுமுனையில் விஜயாவும் அழுதுகொண்டிருந்தார்.

பஸ்ஸில் ஏறியதும் இருவரும் தூங்கிவிட்டோம்.

இப்போது, கரண்ட் வந்ததும் கம்ப்யூட்டர் தானே உயிர் பெறும்படி செட்டிங்கை மாற்றியாகிவிட்டது. முக்கியமான காகிதங்களெல்லாம் போனிலும் இருக்கின்றன.

உலகத்தின் எந்த மூலையிலிருந்தும் வீட்டுக் கம்ப்யூட்டரை இயக்கலாம் என்கிறார்கள். வாஸ்தவம்தான் — பக்கத்து வீட்டில் ஒருவர் போனை எடுத்தால்.